பகிடிக்குச் சொன்னாள்: லோரன் ஒலிவரின் ‘பிஃபோர் ஐ ஃபோல்’ நாவலை முன்வைத்து

வெள்ளவத்தையில் என்னிடம் ஆங்கில இலக்கியம் படிக்க வரும் பதினோராம் தர மாணவி ஒருத்தி, நான் இரவல் கொடுத்த நாவலை மூன்றாம் நாளே கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டாள். அறுபதாம் பக்கத்துக்கு அண்மையில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது. “பிடிக்கேல்லையோ, பிள்ளை?” என்று கேட்டேன். “மிஸ், இவள் சரியான கெட்டவள். செத்துப்போறாள் எண்டு முதல் பக்கத்திலேயே சொல்லிப்போட்டினம். பிறகு என்னத்துக்கு மிச்சம் நானூறு பக்கம்?” என்றாள்.

அந்தக் கேள்வியை என்னால் இலேசாக ஒதுக்கிவிட முடியவில்லை. வெறுக்கத்தக்க ஒருத்தியை முதல் பக்கத்திலேயே காட்டி, அவளுடைய சாவையும் அறிவித்துவிட்டு, அதற்குப் பின்னர் நானூறு பக்கங்களுக்கு வாசகரைத் தன்னோடு வைத்திருக்கத் துணிந்த நாவலாசிரியரின் நோக்கம் என்ன, அந்த நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்பதே இந்த மதிப்புரையில் நான் பார்க்க விரும்புவது.

என்னிடமுள்ள பிரதி, மருதானைப் பக்கமாக டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் வாங்கியது. டொலர் ஒன்றின் விலை 2022ஆம் ஆண்டில் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறிய பின்னர், இறக்குமதியாகும் புதிய நாவல்களை மாணவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் வசதி என்னைப் போன்றவர்களுக்கு இல்லாமல் போய்விட்டது. செப்டெம்பர் மாதத்தில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் கழிவு விலையில் கிடைத்தாலும், பதின்ம வயதினருக்கான நாவல்களைப் பொறுத்தவரை பழைய கடையே என் கதி. முதுகு மடிந்து, அட்டையின் ஒரு மூலை கிழிந்து, உள்ளே யாரோ பென்சிலால் அடிக்கோடிட்ட பிரதி அது. அடிக்கோடுகள் இரண்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகின்றன. அந்தப் பழைய வாசகரும் என் மாணவியைப் போலப் பொறுமை இழந்திருக்கக்கூடும்.

லோரன் ஒலிவரின் முதல் நாவலான இது 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நடக்கிறது. தோமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டு மாணவியான சமந்தா கிங்ஸ்டன், லிண்ட்சி, அலி, எலொடி ஆகிய மூன்று தோழிகளோடு சேர்ந்து அந்தப் பள்ளியையே ஆட்டிவைக்கும் கூட்டத்தில் ஒருத்தி. பெப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, பள்ளியில் காதலர் தினக் கொண்டாட்டம். அன்றிரவு ஒரு விருந்துக்குப் போய்விட்டு லிண்ட்சி ஓட்டும் வண்டியில் திரும்பும்போது விபத்து நேர்கிறது. கண் விழித்தால் மறுபடியும் அதே வெள்ளிக்கிழமைக் காலை. இவ்வாறு ஏழு தடவை. ஏழு அத்தியாயங்களும் அந்த ஒரே நாளின் ஏழு வடிவங்கள்.

சொன்னதையே திரும்பச் சொல்லும் இந்த உத்தி புதியதல்ல. உத்தியின் புதுமையை நான் இதில் தேடவுமில்லை. என்னைக் கவர்ந்தது, சமந்தாவைப் பற்றிய நம்முடைய எண்ணத்தை மாற்றுவதற்கு ஆசிரியர் எந்த வழியைத் தேர்ந்திருக்கிறார் என்பது. கெட்ட பிள்ளையை நல்லவளாக்கிக் காட்ட நம்மவர்கள் வழக்கமாகக் கையாளும் வழி ஒன்று உண்டு. குடிகாரத் தகப்பன், கொடுமைக்காரச் சிற்றன்னை, மறைத்துவைத்த நோய் என்று ஏதாவதொரு துயரத்தைப் பாதிக் கதையில் அவிழ்த்துவிட்டால், அவள் செய்ததெல்லாம் கழுவப்பட்டுவிடும். ஒலிவர் அதைச் செய்யவில்லை. சமந்தாவுக்கு அன்பான பெற்றோர் இருக்கிறார்கள், வசதியான வீடு இருக்கிறது, கொஞ்சுவதற்கு எட்டு வயதுத் தங்கை இஸி இருக்கிறாள். சிறு வயதில் அவளும் கேலிக்கு ஆளானவள்தான், அதுவும் லிண்ட்சியின் வாயாலேயே. ஆனால் அதை அவள் ஒரு சாட்டாக எடுத்து நம் முன் நீட்டுவதில்லை. எந்தப் பக்கம் நின்றால் அடி விழாது என்பதை ஒரு பிள்ளை எவ்வளவு விரைவாகக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு அடையாளமாக மட்டுமே அது வந்து போகிறது.

அப்படியானால் அனுதாபம் எங்கிருந்து பிறக்கிறது? முதலில், சிரிப்பிலிருந்து. சமந்தா நகைச்சுவையாகப் பேசக்கூடியவள். தோழியர் நால்வரும் காலையில் வண்டிக்குள் அடைந்துகொண்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, ஒருத்தியை ஒருத்தி வாரிக்கொண்டு பள்ளிக்குப் போகும் பகுதியை வாசிக்கும்போது, அந்த வண்டியில் ஐந்தாவது ஆளாக ஏறிக்கொள்ள வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்த ஆசை வந்த பிறகுதான் அவர்கள் செய்யும் காரியங்கள் ஒவ்வொன்றாக நம் கண்ணில் படுகின்றன. சாரா கிரண்டெல் என்ற மாணவி வண்டியை நிறுத்தக் காத்திருக்கும் இடத்தை லிண்ட்சி குறுக்கே புகுந்து பிடித்துக்கொள்கிறாள். வண்டிக்குள் எல்லோரும் சிரிக்கிறார்கள், நாமும் சிரித்துவிடுகிறோம். இடம் தேடி அலைந்த சாரா வகுப்புக்குப் பிந்தி வந்ததனால் நீச்சல் போட்டியிலிருந்து விலக்கப்பட்டாள் என்ற செய்தி வெகு நேரம் கழித்து, யாரோ சொல்ல, போகிறபோக்கில் சமந்தாவின் காதில் விழுகிறது. ஒரு நிமிடச் சிரிப்புக்கு இன்னொருத்தி கொடுத்த விலை அது. முதல் வெள்ளிக்கிழமையில் அந்தச் செய்தி அவளுக்கு எட்டுவதே இல்லை. நாள் திரும்பத் திரும்ப வருவதனால்தான் அது அவளுக்குக் கேட்கிறது.

காதலர் தின ரோஜாக்களும் இப்படித்தான். அந்தப் பள்ளியில் மாணவர்கள் பணம் கட்டி ஒருவருக்கொருவர் ரோஜா அனுப்பலாம், பூவோடு ஒரு குறிப்பும் இணைக்கலாம். வகுப்புகளுக்கு நடுவே பூக்கள் கொண்டுவந்து கொடுக்கப்படுகின்றன. நாள் முடிவில் எவள் கையில் எத்தனை பூ என்பது அவளுடைய மதிப்பை அளக்கும் அளவுகோல். எல்லோராலும் ஒதுக்கப்பட்ட ஜூலியெட் சைக்ஸுக்கு ஆண்டுதோறும் ஒரேயொரு ரோஜா வரும். அதை அனுப்புகிறவர்கள் இந்த நால்வர். அதில் இருக்கும் குறிப்பு, அடுத்த வருடமாவது யாராவது அனுப்பக்கூடும், ஆனால் அதுவும் சந்தேகம் என்ற பொருளில் எழுதப்பட்டது. பூவைக் கொடுத்தே ஒருத்தியை இப்படி அவமதிக்கலாம் என்று கண்டுபிடிக்க நிறைய மூளை வேண்டும். இந்த நாவலின் கொடுமைகள் எல்லாமே இப்படி மூளையுள்ள பிள்ளைகள் செய்யும் கொடுமைகள், அதனால்தான் அவை நெஞ்சில் தைக்கின்றன.

எங்கள் பேச்சில் இதற்குப் ‘பகிடி’ என்று பெயர். பகிடி என்றால் வேடிக்கை, யாரையும் நோகடிக்காதது. அதோடு ‘வதை’ என்ற சொல் சேர்ந்துவிட்டால் அது குற்றம், கல்வி நிறுவனங்களில் அதைத் தடைசெய்வதற்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது. ஆனால் பகிடிக்கும் பகிடிவதைக்கும் இடைப்பட்ட இடத்துக்கு நம்மிடம் பெயர் இல்லை, பாடசாலைப் பிள்ளைகளில் பலர் நாள் முழுவதும் அந்த இடத்திலேயே இருக்கிறார்கள். கேட்டால், “பகிடிக்குச் சொன்னனான்” என்பார்கள். அது பொய்யும் அல்ல. சமந்தாவும் அப்படித்தான் நம்புகிறாள். முதல் அத்தியாயத்தின் முடிவில் அவள் வாசகரை நோக்கித் திரும்பி, நான் செய்தது அப்படியென்ன பெரிய குற்றம், நீ செய்வதை விடவா மோசம் என்று கேட்கும் இடம் ஒன்று வருகிறது. எனக்கு அந்தப் பக்கத்தை உடனே புரட்ட முடியவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உயர்தரம் படித்த காலத்தில், மலைநாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். “சரிங்க”, “தெரியாதுங்க” என்று அவள் மரியாதையாகப் பேசும் பேச்சு எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அவள் காதில் விழும்படி எல்லாச் சொல்லிலும் ‘ங்க’ சேர்த்து நாங்கள் பேசிக்கொள்வோம், கொப்பிங்க, பேனைங்க என்று. தொடக்கிவைத்தவள் நான் அல்ல, ஆனால் நன்றாகச் சிரித்தவர்களில் ஒருத்தி. அவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் இன்றைக்கும் என் நினைவில் இருக்கிறது. முழுப் பெயரை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. நாவலில் ஜூலியெட்டைப் பள்ளி முழுவதும் ‘சைக்கோ’ என்று அழைக்கும் இடங்களை நான் அதனாலேயே மெதுவாக வாசித்தேன்.

இனி வரும் பந்தியில் கதையின் மறைபொருள் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அதைத் தாண்டிப் போகலாம்.

இந்த நாவலில் உண்மையில் வெறுக்கத்தக்க பிரபலம் சமந்தா அல்ல, லிண்ட்சி. என் கணிப்பில் ஆசிரியரின் பெரிய சாதனையும் அவள்தான். லிண்ட்சியும் ஜூலியெட்டும் சிறு வயதில் உயிர்த்தோழிகள். ஐந்தாம் வகுப்பில் சாரணியர் முகாம் ஒன்றில், பெற்றோர் பிரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், லிண்ட்சி இரவில் படுக்கையை நனைத்துவிடுகிறாள். விடிந்ததும் பழியை ஜூலியெட்டின் மேல் போட்டுவிடுகிறாள். ஜூலியெட் மறுத்துப் பேசவில்லை, தோழியைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அன்று ஒட்டிய கேலிப்பெயர் பின்னர் அவளை விடவே இல்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளை பயத்தில் சொன்ன பொய்யை, அது வெளியே வந்துவிடாமல் காப்பதற்காகவே, ஏழெட்டு வருடங்களாக நாளுக்கு நாள் இன்னும் கொடியவளாகிக்கொண்டு வந்தவள் லிண்ட்சி. விபத்தின் கணத்தில் அவள் வாயிலிருந்து பாதியாக வரும் ஒரு சொல்லின் பொருள் பின்னர் நமக்கு விளங்கும்போது, அந்த வருடங்கள் முழுவதும் அவளுடைய மனத்தில் எது இருந்தது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடுகிறது. இத்தனையும் தெரிந்த பிறகும் லிண்ட்சி திருந்துவதில்லை, காலில் விழுந்து அழுவதில்லை. சமந்தா அவளைப் பயந்தவளாகவும் தோழியாகவும் ஒரே நேரத்தில் பார்க்கப் பழகிக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

இதை வாசித்தபோது எனக்குக் கம்பனின் கூனி நினைவுக்கு வந்தாள். அயோத்தியே கொண்டாடும் இராமன் சிறு பிள்ளையாக விளையாடுகையில் வில்லால் உருண்டை எறிந்து கூனியின் முதுகில் அடித்ததையும், அவள் அதை மறவாமல் உள்ளத்தில் வைத்திருந்ததையும் கம்பன் ஒரு பாட்டில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறான். எறிந்தவனுக்கு அது விளையாட்டு, பட்டவளுக்கு அது ஆயுள் முழுவதும். கூனிக்கு அந்த ஒரு பாட்டைக் கொடுத்ததனால் கம்பன் அவளுடைய கொடுமையைக் குறைத்துவிடவில்லை. ஒலிவர் செய்திருப்பதும் ஏறக்குறைய அதுவே, ஒரு வேறுபாட்டோடு. அவர் உருண்டை எறிந்த பக்கத்தில் நின்று கதை சொல்கிறார்.

ஏழு நாட்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது. நான்காம் நாளில் கோபத்தின் உச்சிக்குப் போய், கண்மண் தெரியாமல் ஆடி, எல்லோரையும் பகைத்துக்கொண்ட சமந்தா, அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகாமல் தங்கையோடு செலவிடுகிறாள். இஸிக்குப் பேச்சில் சிறு குறை உண்டு, சில எழுத்துகள் அவளுக்கு நாக்கில் வருவதில்லை. அதற்காகப் பிள்ளைகள் கேலி செய்வதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கேலிக்குப் பயந்தே தன் இயல்பை எல்லாம் மாற்றிக்கொண்டு உச்சிக்கு ஏறிய அக்காவுக்கு அது புதினமாக இருக்கிறது. இருவரும் வெளியே நடந்து போய்வருகிறார்கள், பின்னர் குடும்பமாக இரவுச் சாப்பாடு. பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. சமந்தாவின் மேல் எனக்கு உண்மையான இரக்கம் பிறந்தது இந்தப் பக்கங்களில்தான். நாளைக்கு விடிந்தால் இவர்கள் யாருக்கும் இன்றைய நாள் நினைவில் இருக்காது என்பது தெரிந்தும், அவள் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

குறைகளும் இருக்கின்றன, சிறியவை அல்ல. சமந்தாவுக்கு ஏழு நாட்கள் கிடைக்கின்றன, ஜூலியெட்டுக்குக் கிடைப்பவை சில காட்சிகள் மட்டும். அவள் வீடு எப்படியிருக்கிறது, அவள் என்ன வரைகிறாள், யாரோடு பேசுகிறாள் என்பவை சமந்தா எட்டிப் பார்க்கும் அளவுக்கே நமக்கும் தெரியவருகின்றன. பாதிக்கப்பட்டவள் கடைசியில், பாதிப்பை ஏற்படுத்தியவளின் மனமாற்றத்துக்கு ஒரு கருவியாகிவிடுகிறாள் என்ற குற்றச்சாட்டிலிருந்து இந்த நாவல் முழுமையாகத் தப்பவில்லை. சமந்தாவின் கண்ணால் மட்டுமே சொல்லப்படும் கதையில் இது தவிர்க்க முடியாதது என்று வாதிடலாம். ஆனால் அனுதாபம் காட்டுவதில் இவ்வளவு திறமையுள்ள ஆசிரியர், அதில் கொஞ்சத்தை ஜூலியெட்டுக்கும் பங்கிட்டிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

சமந்தாவின் பழைய அயல்வீட்டுத் தோழனைப் போல வரும் கென்ட் அளவுக்கு மீறி நல்லவன். தொப்பி போட்டுக்கொண்டு கேலிச்சித்திரம் வரையும், எத்தனை தடவை அவமதித்தாலும் கோபிக்காத பையன்கள் கதைகளில்தான் இருக்கிறார்கள். கணித ஆசிரியரோடு வரும் கிளைக்கதை அருவருப்பூட்டுவதாகத் திட்டமிட்டே எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அதற்கேற்ற பாரத்தோடு பின்தொடரப்படவில்லை. நடுப்பகுதியில் ஐம்பது பக்கங்களை வெட்டியிருந்தாலும் நட்டமில்லை. 2017ஆம் ஆண்டில் ரை ரூசோ-யங் இயக்கி சோயி டொய்ச் நடித்த திரைப்படமும் இருக்கிறது. பார்க்கலாம், ஆனால் சமந்தாவின் மனப்பேச்சு பெரும்பாலும் போய்விட்டதனால் அவள் வெறும் அழகான, குழம்பிய பெண்ணாகத் தெரிகிறாள். அவளை வெறுப்பதும் எளிது, மன்னிப்பதும் எளிது என்றாகிவிட்ட பிறகு கதையில் என்ன மிச்சம்?

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு விடயம் சொல்ல வேண்டும். இந்த நாவலில் மது, போதைப்பொருள், பாலுறவு பற்றிய பேச்சு எல்லாம் தாராளமாக இருக்கின்றன. தற்கொலையும் இருக்கிறது, மூன்றாம் நாளின் முடிவில் வரும் தொலைபேசிச் செய்தி மிகவும் கடுமையானது. ஒருவருடைய ஒரு நாள் முயற்சியால் இன்னொருவரைச் சாவிலிருந்து மீட்டுவிடலாம் என்ற எண்ணத்தை இந்தக் கதை பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஆகையால் நான் இதைப் பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கொடுப்பதில்லை. கொடுக்கும்போது, தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதித்தான் கொடுக்கிறேன். மொழி கடினமல்ல. உள்ளூர்ப் பாடத்திட்டத்தில் ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகள் அகராதி இல்லாமலே வாசிக்கலாம், அமெரிக்கப் பதின்ம வயதினரின் கொச்சைச் சொற்கள் சில மட்டும் இடறும்.

பதின்ம வயதினரை நோக்கித் தமிழில் எழுதப்படும் கதைகளில் இப்படியொரு பெண்ணை நான் அதிகம் சந்தித்ததில்லை. நமது கதைகளில் வகுப்பின் ராணியாக வருகிறவள் ஒன்றில் கடைசிப் பக்கத்தில் தண்டிக்கப்படுகிறாள், அல்லது காய்ச்சலில் படுத்து எழும்பி நல்லவளாகிறாள். கொழும்பின் ஏதாவதொரு பெண்கள் பாடசாலையில், தமிழ் மொழிமூல வகுப்பொன்றில், இத்தகைய ஒருத்தியின் வாயாலேயே கதை சொல்லப்படுமானால் அவளுடைய தமிழ் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாதி ஆங்கிலமாக, விரைவாக, சிரிக்கவைப்பதாக இருக்கும். யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன், பழைய கடைக்கு வரும்வரை காத்திருக்க மாட்டேன்.

என் மாணவி அன்று நாவலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். நான் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை வரைக்குமாவது வாசித்துவிட்டு வந்து திட்டு என்றேன். இரண்டு கிழமை கழித்து வந்தபோது பஸ் டிக்கெட் கடைசி அத்தியாயத்துக்குள் இருந்தது. சமந்தாவைப் பற்றி நல்லதாக அவள் எதுவும் சொல்லவில்லை. “மிஸ், நீந்தப் போகேலாமல் போன அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டாள். அவளைப் பற்றி நாவலில் ஒன்றிரண்டு இடங்களில் சில வரிகள் வருவதோடு சரி.